மூட்டை கை தட்டியது

மதியம் ஒன்று பத்து. வகுப்பில் மற்றவர்கள் வடாபாவ் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள்.

“வா லீலா, பசிக்கலயா?” ஸ்ரீவித்யா வாசலில் நின்று கேட்டாள்.

“அரே, நீ போ. எனக்கு ரெண்டு ட்ராயிங் பாக்கி இருக்கு.”

“உனக்கா? பாக்கியா? நம்பிட்டேன் போ.”

சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். பாக்கி எதுவும் இல்லை. லீலாவின் வேலை நேற்றே முடிந்துவிட்டது.

இரண்டு மணிக்கு எல்லோருடைய வேலையையும் திரையில் போடுவார்கள். முகமில்லாத ஒரு மாவு மூட்டையை வரைந்து, அதற்கு ஓர் உணர்ச்சியைக் கொடுக்க வேண்டும். அனிமேஷன் படிக்கிற எல்லோரும் செய்யும் பயிற்சி. சீட்டு எடுத்ததில் லீலாவுக்கு மகிழ்ச்சி வந்தது. ஸ்ரீவித்யாவுக்குப் பொறாமை. எது நன்றாக இருக்கிறதோ அதை வரைந்தவரை ஹடப்சரிலேயே ஒரு ஸ்டுடியோவுக்கு வேலைக்கு அனுப்புவதாக, பாடம் நடத்தும் மனோஜ் சார் சொல்லியிருந்தார். இருப்பது ஒரே இடம். கட்கி வீட்டில் லீலாவின் அப்பா அவர் பங்குக்குச் சொல்லிவிட்டார்: “இதுவும் இல்லேன்னா மாமா துகான்ல, கல்லாவுல உக்காந்து பில் போடு.”

ஸ்ரீவித்யா கோயம்புத்தூரிலிருந்து கணவனின் வேலைக்காக வந்தவள். வகுப்பில் பாதியில் சேர்ந்தாள். துள்ளும் பந்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே லீலாதான். தரையைத் தொடும்போது பந்து நசுங்க வேண்டும். உச்சிக்குப் போகப் போக வேகம் குறைய வேண்டும்.

“செகண்டுக்கு இருபத்துநாலு ஃப்ரேம். ஒவ்வொரு ட்ராயிங்கும் ரெண்டு ஃப்ரேம் நிக்கும். அப்போ பன்னெண்டு வரைஞ்சா போதும். சமஜா?”

“சமஜா, டீச்சர்.”

மறுவாரம் ஸ்ரீவித்யாவின் பந்தை மனோஜ் சார் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். லீலாவின் பந்துக்குச் சரி என்று மட்டும் சொன்னார்.

இப்போது லீலா எழுந்து போய் ஸ்ரீவித்யாவின் கணினியில் உட்கார்ந்தாள். கோப்பைத் திறந்தாள்.

ஒரு மூட்டை மேடையில் குட்டிக்கரணம் போடுகிறது. கீழே வரிசையாக மூன்று மூட்டைகள். அது தரையில் வந்து நின்றதும் இரண்டு மூட்டைகள் மேல்முனைகளைச் சேர்த்துக் கை தட்டுகின்றன. ஓரத்து மூட்டை தட்டவில்லை. மற்ற இரண்டையும் பார்க்கிறது. பிறகு தட்டுகிறது. முனையோடு முனை பட்டும் படாமலும்.

அவள் இன்னொரு முறை ஓடவிட்டாள்.

போன வாரம் ஊசல் பயிற்சியில் ஸ்ரீவித்யாவுக்கு எல்லோரும் கை தட்டினார்கள். லீலா இப்படித்தான் தட்டினாள். தாமதமாக, விரல் நுனிகளால். பக்கத்து நாற்காலியில் ஸ்ரீவித்யா இருந்தாள்.

படியில் பேச்சுச் சத்தம் கேட்டது. லீலா கணக்குப் பார்த்தாள். ஓரத்து மூட்டையின் தாமதம் பதினாறு ஃப்ரேம். அதை எடுத்துவிட்டால் அதுவும் மற்றவற்றோடு சேர்ந்து தட்டும். நல்ல மூட்டையாகிவிடும். பொறாமை எங்கே என்று சார் கேட்பார். அந்த மூட்டை மட்டும் தனி அடுக்கில் இருந்தது. அதில் பதினாறைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். சேமித்தாள். தன் இடத்துக்குத் திரும்பினாள்.

இரண்டு மணிக்கு லீலாவின் மூட்டை முதலில் வந்தது. துள்ளியது, சுழன்றது, நின்றது. தவறே இல்லை. மனோஜ் சார் தலையசைத்தார். அடுத்தது ஸ்ரீவித்யாவுடையது.

மேடை மூட்டை அந்தரத்தில் இருந்தது. இன்னும் தரையைத் தொடவில்லை. அதற்குள் ஓரத்து மூட்டை கை தட்டியது. தனியாக.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. மனோஜ் சார் மேசையை அறைந்தார். “வாஹ்! இன்னொரு தடவை போடு!”

மறுபடி போட்டார்கள். மறுபடி சிரித்தார்கள்.

“எல்லாரும் பொறாமைன்னா முறைக்க வைப்பாங்க,” என்றார் அவர் இந்தியில். “இவ கை தட்ட வெச்சிருக்கா. வயிறு எரியறவன்தான் முதல்ல தட்டுவான்.”

லீலாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் எண்ணியது ஃப்ரேம்களை. அழித்தது ட்ராயிங்குகளை. ஒவ்வொன்றும் இரண்டு ஃப்ரேம் நிற்கும். பதினாறுக்குப் பதில் முப்பத்திரண்டு ஃப்ரேம் போயிருந்தது.

“ஸ்டுடியோவுக்கு ஸ்ரீவித்யா போகட்டும்,” என்றார் மனோஜ் சார்.

லீலா கை தட்டினாள். அறையில் வேறு யாரும் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. அந்தச் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

ஸ்ரீவித்யா எழுந்திருக்கவில்லை. திரையில் உறைந்து நின்ற மூட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு லீலாவின் கைகளைப் பார்த்தாள். சாய்ந்து, வேறு யாருக்கும் புரியாத தமிழில், மெதுவாகக் கேட்டாள்.

“நான் அதை லேட்டாத்தானே தட்ட வெச்சிருந்தேன், லீலா?”