பிசையாத ரொட்டியின் சொந்தக்காரர்கள்

தையல்காரம்மா சுட்ட ரொட்டியைத் தின்ற ஒன்பது பேருக்கும் மறுநாள் காலையில் இடது கன்னத்தில் குழி விழுந்திருந்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை. முதலில் கண்டுபிடித்தவர் தபால்காரர்; சவரம் செய்யும்போது பிளேடு ஓரிடத்தில் இறங்கி ஏறியது. அந்தக் குழி யாருடையது என்று தெருவுக்கே தெரியும். தையல்காரம்மாவின் குடும்பத்தில் ஏழு தலைமுறையாகப் பிறந்த எல்லோருக்கும் இடது கன்னத்தில் மட்டும் ஒரு மிளகு உட்காரும் அளவுக்குக் குழி இருந்தது.

அந்தக் குடும்பத்துக்கென்று ஒரு ரொட்டியும் இருந்தது. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் மாவை அடித்துப் பிசைந்து சுடுவார்கள். அது வாசற்படி தாண்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். விருந்தாளிக்குக் கடையில் வாங்கிக் கொடுப்பார்களே தவிர, அதில் ஒரு விள்ளல் கிடையாது. பெற்றோர் போன பிறகு மிஞ்சியவர்கள் தையல்காரம்மாவும், எதிர்வீட்டில் பூட்டு ரிப்பேர் செய்யும் அவருடைய அண்ணனும்தான். இருவருக்கும் பிள்ளை இல்லை. தங்கை பிசைவார், அண்ணன் வந்து சாப்பிடுவார். ஒரு மழைக்காலத்தில் தையல்காரம்மா ஸ்டூலிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எலும்பு கூடியது, பலம் கூடவில்லை. ஊசி பிடிக்கலாம், மாவு பிசைய முடியாது. நாலு மாதம் ஞாயிறுகள் வெறுமனே போயின. பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆனது ஆகட்டும் என்று, மூன்று கப் மாவில் கால் ஸ்பூன் ஈஸ்டும் உப்பும் போட்டு ஒன்றரை கப் தண்ணீர் விட்டு, இடது கையால் கரண்டி பிடித்து நாலு கிண்டு கிண்டி மூடிவைத்துவிட்டார். மறுநாள் மதியம் திறந்தபோது மாவு இரண்டு மடங்காகி, மேலெல்லாம் குமிழி விட்டு, தானாகவே பக்குவப்பட்டிருந்தது. கை செய்ய வேண்டியதைப் பொழுது செய்திருந்தது. ஓவனில் மூடியோடு காய்ந்த இரும்புச் சட்டிக்குள் அதைப் போட்டுச் சுட்டெடுத்தார். ஆறும்போது ரொட்டியின் மேலோடு படபடவென்று வெடித்தது. வாசம் தெருக்கோடி வரை போய் ஒன்பது பேரை அழைத்துவந்தது. வாசலில் ஆட்களை நிறுத்திவைத்துவிட்டுத் தனியாகச் சாப்பிட அவருக்கு மனசு வரவில்லை.

அண்ணன் மட்டும் தொடவில்லை.

“பிசையாத ரொட்டி ஒரு ரொட்டியா? இந்தச் சோம்பேறி ரொட்டிய ஊரக் கூப்பிட்டு வேற குடுத்திருக்க. அம்மா இருந்திருந்தா...”

“அம்மாவுக்குக் கை நல்லா இருந்துச்சுண்ணே. நீ வந்து பிசைஞ்சு குடுத்திருக்கலாம்ல?”

அண்ணன் படியிறங்கிப் போனவர் மூன்று வருஷம் பேசவில்லை. அந்த மூன்று வருஷத்தில் தெரு முழுக்கக் குழி பரவியது. இஸ்திரிக் கடைக்காரர் தையல்காரம்மாவின் அப்பாவைப் போலவே மும்மூன்றாகத் தும்ம ஆரம்பித்தார். காதலிப்பவர்கள் மட்டும், முறை மாறிவிடுமே என்று, ஜோடியில் ஒருவர் தின்னாமல் பார்த்துக்கொண்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் தையல்காரம்மா மாவு கலக்கச் சொல்லிக்கொடுத்தார். மறைத்துவைக்க அதில் ஒன்றும் இல்லை, பொறுமையைத் தவிர.

நான்காம் வருஷம் அண்ணனுக்குக் குடல்புண் வெடித்தது. கடை வாசலிலேயே இரத்தமாக வாந்தி எடுத்து விழுந்தார். அவருடைய இரத்தம் லட்சத்தில் ஒருவருக்கு இருக்கும் வகை என்றார்கள் ஆஸ்பத்திரியில். தையல்காரம்மா கையை நீட்டினார். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, “உங்களுக்கே ரத்தம் பத்தலைம்மா. வேற சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார்.

“இருக்கோம்” என்றார் கதவோரம் நின்ற தபால்காரர். அவருக்குப் பின்னால் வராந்தா நிறைய ஆட்கள் நின்றார்கள். நாற்பத்தோரு பேரைச் சோதித்தார்கள். நாற்பத்தோரு பேருக்கும் அதே இரத்தம். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அன்று ஆடியது யார் சதை என்று பிரித்துச் சொல்ல முடியாது. சோதனை செய்த பெண் கருவி கெட்டுவிட்டதோ என்று இரண்டு தடவை மாற்றிப் பார்த்தாள். பிறகு படிவத்தில் உறவுமுறை என்ற இடத்தில் எல்லோருக்கும் ‘உடன்பிறப்பு’ என்று எழுதினாள்.

அண்ணன் கண் விழித்ததும், “யாரோட ரத்தம் ஏத்தினாங்க?” என்று கேட்டார்.

“நம்ம ரத்தம்தாண்ணே.”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. தையல்காரம்மா போர்வையைச் சரிசெய்தார்.

அதன் பிறகு சனிக்கிழமை சாயங்காலங்களில் மாவு கலக்கும் வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டார். சுட்டதைத் துணியில் சுற்றி, கேட்காதவர்கள் வீட்டுக்கும் அவரே கொண்டுபோனார். அடுத்த தெருவிலும் குழிகள் தெரிய ஆரம்பித்தன. மக்கள்தொகை கணக்கெடுக்க வந்த அதிகாரி நாலைந்து வீடு ஏறி இறங்கியதும் பேனாவை மூடினார். தனித்தனியாக எழுதுவதில் அர்த்தமில்லை என்று இரண்டு தெருவையும் ஒரே குடும்பமாகப் பதிவு செய்துகொண்டார். குடும்பத் தலைவர் யார் என்று மட்டும் கேட்டார். அப்போது வாசலில் நின்றவர் பூட்டு ரிப்பேர்காரர்தான். அவர் யோசிக்கவே இல்லை. திரும்பி, ஓவன் கதவை இடது கையால் திறந்துகொண்டிருந்த தங்கையைக் காட்டினார்.