சரிவு தெரியாத படம்

போன போட்டியில் கேமராவைச் சாய்த்துப் பிடித்து, "மரமெல்லாம் குடிச்சிருக்கா?" என்று நடுவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அந்தப் புகைப்படக்காரர். இந்தப் போட்டியும் போனால் கேமராவை விற்றுவிடுவதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். இந்தத் தடவை மரங்கள் ஒழுங்காக நிமிர்ந்து நின்றன.

நடுவர், மலைச்சரிவில் பாயும் சைக்கிள் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். "சக்கரம் முழுசா வந்திருக்கு, புழுதியும் அழகு. ஆனா சரிவே தெரியலையே. சமதரையில ஓட்டுற மாதிரி இருக்கு. வேண்டாம்."

அந்தச் சரிவில்தான் மனைவியின் தம்பி மலைச் சைக்கிளோடு பன்னிரண்டு தடவை பாய்ந்து, பதின்மூன்றாவதில் கையை முறித்துக்கொண்டான். மாவுக்கட்டோடு பக்கத்தில் நின்று படத்தையே பார்த்தான்.

"மாமா, இந்தத் தரையிலயா நான் விழுந்தேன்? அக்கா நம்பவே மாட்டா."

"என் தப்புதான் மச்சான். நேர் எதிரே நின்னு எடுத்ததுல சரிவு மறைஞ்சுபோச்சு."

"விடுங்க, இன்னொரு கை இருக்கே."

"கை இருக்கு. கேமரா இருக்காதே," என்றார் அவர்.