முருங்கை பட்ட வீடுகள்

திருப்புலிவனத்தில் எந்த வீட்டுக் கல்யாண முருங்கை பட்டுப்போனதோ, அந்த வீட்டுப் பெண்ணின் தாலி முடிச்சு அன்று காலையே தானாக அவிழ்ந்தது. பந்தக்காலாக நட்ட முருங்கைக் கிளையைக் கல்யாணம் முடிந்ததும் தோட்டத்தில் ஊன்றி மரமாக்குவது அந்த ஊர் வழக்கம். கொசுவைவிடச் சிறிய ஒரு குளவி எங்கிருந்தோ வந்து அந்த இலைகளுக்குள் முட்டையிட்டது. உள்ளே புழு வளர வளர இலையும் குருத்தும் கொப்புளமாக வீங்கிச் சுருண்டன. இரண்டு கோடையில் மரம் காய்ந்தது. அப்படித்தான் சசிரேகாவின் தாலி இட்லி மாவில் விழுந்தது. புருஷன் திரும்பத் திரும்பக் கட்டியும் நிற்கவில்லை. அவள் மானாம்பதியிலுள்ள அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சிலர் முருங்கைக்குப் பதிலாக ஒதிய மரக் கிளை நட்டு மறுபடி கட்டிக்கொண்டார்கள். சிலருக்கு நின்றது, சிலருக்கு நிற்கவில்லை. குழாயடியில், "உன்து எப்போமே?" என்று தக்காளி விலை போல விசாரித்துக்கொண்டார்கள்.

கடைசியாக மிஞ்சியது பவளத்தின் மரம். செல்லில் படம் எடுத்து அனுப்பியதற்கு, வெட்டி எரிக்கச் சொல்லி வேளாண்மை ஆபீசிலிருந்து பதில் வந்தது. அவள் புருஷன் வரதன் கேட்கவில்லை. தினமும் ஏறி, வீங்கிய இலைகளை மட்டும் கிள்ளி எரித்தான். நெல்லுக்குக்கூட அவன் அவ்வளவு பாடுபட்டதில்லை. கையெல்லாம் முள். தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்துப் பவளம் ஒவ்வொரு முள்ளாக நெம்பினாள். முடிச்சு அவிழும் என்று அவள் பயப்படவில்லை. அவிழ்ந்தால் லேசாக இருந்துவிடுமோ என்பதுதான் பயம்.

"ஏன்யா இப்டி குத்து வாங்கிக்கினு கீற? அவுந்தா அவுந்துட்டுப் போவட்டும்."

"அவுந்தா நீ இருப்பியாமே?"

"தெர்லய்யா" என்றாள் பவளம். பொய் சொல்லியிருக்கலாம், வாயில் வரவில்லை.

மறுநாள் முதல் வரதன் மரத்தில் ஏறவில்லை. ஐப்பசி மழையில் மற்ற செடிகொடியெல்லாம் துளிர்த்தபோது அது பட்டது. பவளம் அடுப்பின் முன் குனிந்தபோது தாலி நழுவித் தோசைக்கல் பக்கத்தில் விழுந்தது. கழுத்தைத் தடவிப் பார்த்தாள். லேசாகத்தான் இருந்தது. வரதன் அதை எடுத்தான், கட்ட வரவில்லை. உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

"இன்னா பண்ணட்டும்?"

கல்யாணத்தன்று அவளிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

"பீரோல வை. வந்து குந்து, தோசை ஆறிப்போவுது."

அவள் எங்கும் போகவில்லை. பீரோவிலிருந்து தாலியை எடுக்கவும் இல்லை. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்கு இருவரும் ஒரே வண்டியில் போகிறார்கள். அவளுடைய வெறுங்கழுத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஊரில் பாதிக் கழுத்து இப்போது அப்படித்தான்.