பூதத்தின் தோல்

கோட்டை முடிந்துவிட்டது. மேகத்தில் மிதக்கும் கோபுரங்கள், சங்கிலிப் பாலம், கீழே வாய்பிளந்த பள்ளம் என எல்லாவற்றையும் நூலளவு மெல்லிய தூரிகையால் கல் கல்லாக இழைத்திருந்தாள். மிச்சம் வாசலில் நிற்கும் பூதம்தான். அதற்குத் தோல் அமையவில்லை.

"பிள்ளைங்க அட்டையைப் பார்த்ததும் பயந்து புத்தகத்தைக் கீழ போட்டுடணும்மா. அப்புறம் அவங்களே எடுக்கணும்" என்று பதிப்பாளர் போனில் சொல்லியிருந்தார்.

பல்லிச் செதில் வைத்துப் பார்த்தாள். பொம்மை மாதிரி இருந்தது. மரப்பட்டை வைத்தாள், பூதம் பாவமாக நின்றது. சுரண்டி எடுத்தாள். இன்று மதியத்துக்கு மேல் யோசிப்பதை விட்டுவிட்டுக் கையை அதன் போக்கில் விட்டாள். சிவப்பின் மேல் வெளிறிய மஞ்சள், அதன் மேல் எண்ணெயில் கரைத்த பழுப்பு. உருகி வழிந்து உறைந்ததுபோல மடிப்புகள் தாடையிலிருந்து தோளுக்கு இறங்கின. கை தயங்கவேயில்லை. பூதத்துக்கு உயிர் வந்துவிட்டது.

பின்னால் நகர்ந்து நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. அது தம்பியின் கழுத்து.

சாயப்பட்டறையில் கொதிகலன் வெடித்ததிலிருந்து கழுத்தில் துண்டு சுற்றாமல் அவன் யார் முன்னாலும் வந்ததில்லை, அக்காவைத் தவிர. மாலையில் குளித்துவிட்டுச் சமையலறை முக்காலியில் முதுகைக் காட்டி உட்காருவான். அவள் களிம்பு தடவுவாள். இருவரும் பேசமாட்டார்கள். அந்தப் பேசாத நேரத்தில்தான் அவள் விரல்கள் ஒவ்வொரு மடிப்பையும் மனப்பாடம் செய்திருந்தன.

சுரண்டிவிட வேண்டும் என்று கத்தியை எடுத்தாள். மனசு வரவில்லை. வாசலில் அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் பழைய போர்வையை எடுத்துப் படத்தின் மேல் போட்டாள்.

டீயோடு வந்தவன் நின்றான்.

"என்னக்கா, ஈரத்து மேல துணியப் போட்டிருக்க? ஒட்டிக்கும்னு என்னை அந்தத் திட்டு திட்டுவியே?"

"விடுடா, எடுக்காத."

எடுத்துவிட்டான். நெடுநேரம் பார்த்தான்.

"ஆள் வாட்டசாட்டமாத்தான் இருக்கான்" என்றான். பிறகு குனிந்து பார்த்தான். கை தானாகத் துண்டுக்குப் போனது.

"அழிச்சிடறேன்டா."

"எதுக்கு? நல்லா வந்திருக்கு." சிரிக்கப் பார்த்தான். "தினமும் தடவும்போது இதத்தான் பாத்துக்கிட்டு இருந்தியா?"

"இல்லடா..."

"சும்மா சொல்லு. பயமாத்தான் இருக்கும், இல்ல?"

உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். துணி இழுத்ததில் பூதத்தின் தோளில் சாயம் உரிந்திருந்தது. ஒரு நொடி அவள் கண் அவனை விட்டு அங்கே போனது. அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"டீ ஆறுது" என்று வைத்துவிட்டுப் போனான்.

அவன் குளிக்கப் போன சத்தம் கேட்டது. அவள் கையிலிருந்த சாயத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் முக்காலி பக்கத்தில் நின்றாள். தண்ணீர் சத்தம் நின்றது. அவன் வரவில்லை. அலமாரியில் களிம்பு டப்பா இல்லை. கூடத்து ஆணியில் முகம் பார்க்கும் கண்ணாடியும் இல்லை.

குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. டப்பா மூடி கழன்று தரையில் உருண்டது கேட்டது. அவனுக்குக் கையை முழுசாகத் தூக்க வராது. பிடரிக்குக் கீழே எப்படியும் எட்டாது. கதவைத் தட்டக் கையை உயர்த்தினாள். நகக்கண்ணில் இன்னும் அந்தப் பழுப்பு இருந்தது.

கையை இறக்கிக்கொண்டாள். உள்ளேயிருந்து அவனும் கூப்பிடவில்லை.