சிவப்பு ஒயர்

மாதப்பன் அழுகிற அழுகையைப் பார்க்கப் பார்க்க அண்ணாதுரைக்கு அருவருப்பாக இருந்தது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவன்கூட இப்படி அழமாட்டான். எஸ்டேட்டில் கரண்ட் வேலை பார்க்கிறவன் இவன். தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் பெஞ்சின் மேல் கிடத்தியிருந்த லேத்துக்காரர் ஐயாக்கண்ணுவின் தலைமாட்டில் நின்று மாரில் அடித்துக்கொண்டான். சத்தம் வந்த அளவுக்கு அடி விழவில்லை.

"எங்கூடப் பொறந்தவராட்டம் இருந்தாருங்க! லேத்துப் பட்டறையில நாந்தானுங்க தூக்கிக் கெடத்துனேன். ஒடம்பு வெறைக்கறதுக்குள்ள கண்ணை மூடி, கால் வெரலைக் கட்டுனதும் நாந்தானுங்க!"

உண்மையில் கூடப் பிறந்த தம்பி அண்ணாதுரை. சேலத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். காலையில் அண்ணன் போய்விட்டதாகச் சேதி வந்து, மத்தியான பஸ்ஸில் மலையேறிக் கொட்டச்சேட்டில் இறங்கினான். வீட்டுக்கு வரும் வழியில்தான் பட்டறை. எட்டிப் பார்த்தான். தரையில் மரத்தூளைக் கொட்டிப் பெருக்கியிருந்தார்கள். பெருக்கினது சரியில்லை. லேத்துக்கு அடியில் இன்னும் சிவப்பாக ஒட்டியிருந்தது.

எஸ்டேட் கணக்குப் பார்க்கிற ரைட்டர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே அவன் தோளில் கை போட்டார்.

"காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துட்டாரு தம்பி. தள்ளாடி மிசின் மேல உழுந்துட்டாரு. போலீசுக்குச் சொன்னா என்ன ஆகும்? தூக்கிட்டுப் போயி ஒடம்பைக் கிழிச்சு, மூட்டையாட்டம் கட்டிக் குடுப்பாங்க. அதுக்குத்தான் நான் யாருக்கும் சொல்லல. குழி வெட்டியாச்சு. பொழுதோட எடுத்தறலாம்."

'கிழிச்சு' என்பதை அண்ணன் மனைவி அம்மணியின் காதில் விழும்படியாகத்தான் சொன்னார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவள் உடம்பு ஒருமுறை குலுங்கியது.

"களி தின்னுட்டு மோரு குடிச்சுட்டுத்தானுங்க தம்பி போனாரு," என்றாள். "சாராயம் எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலீங்க."

குளிப்பாட்டும்போது கழற்றின சட்டை கதவோரம் கிடந்தது. அண்ணாதுரை எடுத்து மோந்து பார்த்தான். ரத்தம், லேத்து எண்ணெய், இரண்டையும் மீறிச் சாராயம். முதுகுப் பக்கம்தான் அதிகம் நாறியது. வாயால் குடிக்கிறவனுக்கு முதுகு எப்படி நனையும்? குடித்தது சட்டைதான். செத்தவன் மேல் ஊற்றுகிறோமே என்று ஊற்றினவன் கை கூசவில்லையே.

இரும்பு கடைகிற அந்த லேத்து வெள்ளைக்காரன் காலத்து மிசின். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற 'சக்கு' என்கிற கனத்த வட்டை மரையில் திருகித்தான் மாட்டியிருக்கும். முன்னால் சுற்றினால் இறுகும். ஓட்டத்தில் சட்டென்று பின்னால் திருப்பினால் கழன்று பறக்கும். அதனால் ஐயாக்கண்ணு நிதானமாக நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிக் குறுக்கே மாற்றிப் போட்டுத்தான் திருப்புவார். காப்பிப் பழமும் மிசின் பழுதும் சேர்ந்து வந்து குவிகிற பருவத்தில் ரைட்டருக்கு அந்த நேரம் பொறுக்கவில்லை. ஒரே தட்டில் மோட்டாரைத் திருப்புகிற சுவிட்சு வைக்கச் சொன்னார். அதற்கு ஒயர் கேட்டு மாதப்பன் அண்ணாதுரையின் கடைக்குத்தான் வந்தான்.

"நடுவுல நின்னுட்டுத் திரும்பற மாதிரி ஒரு தடுப்பு வெய்யி. சக்குக்கும் ஒரு பூட்டுப் போடு. இல்லீன்னா ஆளைத் தூக்கீரும்," என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் சிவப்பு ஒயரை வெட்டிக் கொடுத்தான். மாதப்பன் பூம்பூம் மாடு மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போனான். போன சந்தைக்கு வந்த அண்ணன் சொன்னார்: "நிறுத்தலாம்னு இழுத்தா நடுவுல நிக்காமத் திரும்பிக்குதுடா. எனக்கே பயமா இருக்குது."

"பட்டறையில சுவிட்சு எங்கீங்க?" என்று ரைட்டரிடம் கேட்டான் அண்ணாதுரை.

"எந்தச் சுவிட்சு?"

லேத்துக்குப் பக்கத்துச் சுவரில் சுவிட்சு இருந்த இடத்தில் வெறும் நாலு ஓட்டைகளைப் பார்த்துவிட்டுத்தான் அவன் வந்திருந்தான். ஓட்டையைக் காட்டி யாரிடம் நியாயம் கேட்பது? அண்ணனுடைய உடம்பைக் கூறுபோட விடவும் அவனுக்கு மனம் வரவில்லை. ரைட்டரின் வாய் நாற்றம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கழுதை, எடுத்துவிடட்டும் என்றுகூடத் தோன்றிவிட்டது.

அம்மணியின் பிறந்த வீட்டார் கோடி போர்த்த வந்தார்கள். மேலே கிடந்த பழைய வேட்டியை உருவியபோது கால்கள் வெளியே தெரிந்தன.

பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து, துணியால் அல்ல, ஒயரால் கட்டியிருந்தது. சிவப்பு ஒயர். அண்ணாதுரை குனிந்தான். அவன் கடை ஒயரேதான். நுனியில் செம்புக் கம்பியை வளையமாக வளைத்திருந்தது. வளையத்தில் சுவிட்சின் திருகு அழுத்தின தடம் இருந்தது. சுவிட்சைப் பிடுங்கின மாதப்பன் கையில் எது இருந்ததோ அதையே சுற்றி, கட்டிங் பிளேயரால் முறுக்கிவிட்டிருக்கிறான். செத்தவன் காலுக்கு ஒரு கந்தல் கிழிக்கக்கூட இவனுக்கு நேரமில்லை.

"மாதப்பா, இந்த ஒயரு ஏது?"

அழுகை பட்டென்று நின்றது. "கையில கெடந்துதுங்க..." என்றவன் பையிலிருந்து பிளேயரை எடுத்துக்கொண்டு கால்மாட்டுக்கு வந்தான். "துணியில கட்டீரலாமுங்க. நானே அவுத்தர்றேன்."

"தொட்டீன்னா கையை ஒடிச்சுருவேன்." அண்ணாதுரை அம்மணியிடம் திரும்பினான். அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. "அண்ணி, அந்தச் சுவிட்சு ஒயரு இது. போலீசு பார்த்தாத்தான் நெசம் வெளிய வரும். வந்தாங்கன்னா ஒடம்பைக் கிழிக்காம உடமாட்டாங்க. நீங்கதானுங்க சொல்லோணும்."

"ஏனம்மிணி," ரைட்டர் அவசரமாகக் குறுக்கிட்டார், "அந்த மனுசனை முழுசா அனுப்போணுமா, வேண்டாமா?"

அம்மணி அவரைப் பார்க்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கால்மாட்டுக்கு வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, புருசனின் கால்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கட்டின விரல்களை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"போயிச் சொல்லிட்டு வாங்க தம்பி," என்றாள்.

ரோட்டுக்கு இறங்குகிற சரிவில் அண்ணாதுரை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கோடித்துணியைப் பிரித்தபடி சனங்கள் நின்றிருந்தார்கள். மாதப்பன் பிளேயரை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். பெஞ்சைச் சுற்றி மொய்த்த ஈக்கள் இப்போது அம்மணியின் முகத்திலும் கண்ணோரத்திலும் வந்து உட்கார்ந்தன. ஓட்ட வேண்டுமென்றால் ஒரு கையை எடுக்க வேண்டும். அவள் எடுக்கவில்லை.