சாபிரா அக்கா மூடிய வால்வு

“என் வீடு, என் குழாய், என் வால்வு. மூடுவேன், தொறப்பேன். உனக்கென்ன?” என்று ஐந்தாம் மாடியில் கெனேஷ்பெக் கத்தியது இரண்டாம் மாடியில் என் சமையலறை வரைக்கும் கேட்டது. அடுப்பைத் தணித்துவிட்டுப் படியேறினேன். கையில் ஒரு காலிக் கிண்ணம். யாராவது கேட்டால் உப்புக்கு வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவர் வாசலில் நின்றது நாலாம் மாடி சாபிரா அக்கா. தலைத்துணி அவிழ்ந்து தோளில் கிடந்தது. அதுவரைக்கும் அவரை அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அன்றைக்குத்தான் யோவ் போட்டாள்.

“யோவ், நீ மூடினா கீழ இருக்கிற அத்தனை வீடும் குளிர்ல செத்துப்போகுது. பிளம்பர் வந்து பாத்துச் சொல்லிட்டான். இப்பவாவது தொறக்கிறியா இல்லையா?”

“உன் மக கல்யாணம் என் குழாய்க்குள்ளயா ஓடுது?” என்று கேட்டுவிட்டு அவர் கதவைச் சாத்தினார்.

ஓடத்தான் ஓடியது. பிஷ்கெக்கில் எங்களுடையது போன்ற பழைய ஐந்து மாடிக் கட்டடங்களில் குளிருக்கு அறைகளைச் சூடாக்கும் வெந்நீர் ஒரே நெட்டுக்குழாயில் வீடு வீடாக ஏறி, உச்சியில் திரும்பி, அடுத்த அறை வழியாக இறங்கும். என் ரேடியேட்டரைச் சுடவைத்த தண்ணீர்தான் சாபிரா அக்காவுக்கு, அவளுடையதுதான் கெனேஷ்பெக்குக்கு. ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் முன்னால் ஒரு சின்னக் குறுக்குக்குழாய் இருக்கும். ஒருவர் தன் ரேடியேட்டரை மூடிக்கொண்டாலும் தண்ணீர் அந்தக் குறுக்கு வழியில் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். சுங்கத்தில் ஏதோ பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்ற கெனேஷ்பெக், புது ரேடியேட்டர் மாட்டும்போது அந்தக் குறுக்குக்குழாய் சுவர்க்காகிதத்தின் அழகைக் கெடுக்கிறது என்று அறுத்து எறிந்துவிட்டார். அது போதாதென்று பால்கனிச் சுவரை இடித்து அறையை வெளியே நீட்டி, ரேடியேட்டரையும் பால்கனிக் கண்ணாடிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். விருந்தாளிகளுக்கு மலை தெரிய வேண்டுமாம்.

அந்தச் சண்டைக்கு முந்தின நாள் அவருக்குப் புழுங்கியிருக்கிறது. வால்வை மூடினார். அன்றைக்குத்தான் சாபிரா அக்காவின் மகள் ஜர்கினாய்க்குத் தோடு போட்டு நிச்சயம் செய்ய நாரினிலிருந்து சம்பந்திகள் வந்திருந்தார்கள்.

நானும் அங்கே இருந்தேன். விருந்துக் கறிக்குப் போடும் மாவு இழை அரிய என்னைத்தான் கூப்பிட்டிருந்தாள். ஜர்கினாய் காலையிலேயே தன் பழைய தோட்டைக் கழற்றிவிட்டு வெறுங்காதோடு தயாராக இருந்தாள். மாப்பிள்ளையின் அம்மாவை வாசலுக்கு எதிரே, சன்னலடியில், மரியாதைக்குரிய இடத்தில் உட்காரவைத்தோம். முதுகுக்குப் பின்னால் ரேடியேட்டர். சாய்ந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொட்டுப் பார்த்தாள். கோட்டைக் கழற்றவில்லை. ஆட்டுக்கறியின் கொழுப்பு தட்டிலேயே வெள்ளையாக உறைந்துபோனது. நாட்டிலேயே குளிருக்குப் பேர்போன நாரின்காரி, எங்கள் ஊரிலே மாட்டுக்கொட்டிலில்கூட இப்படி விருந்து வைக்கமாட்டோம் என்று தன் நாத்தனாரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்டது என்றால் சாபிரா அக்காவுக்கும் கேட்டிருக்கும். தோட்டுப் பெட்டி வந்த பையிலேயே திரும்பிப் போனது. பிறகு அந்தச் சம்பந்தப் பேச்சே எழவில்லை.

கெனேஷ்பெக் கதவைச் சாத்தியதும் சாபிரா அக்கா படியில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. அவர் வீட்டிலும் பொண்ணு இருக்கில்ல, என்றாள்.

இருந்தது. அய்சிரெக். நல்ல பெண், அப்பனை மாதிரி இல்லை.

குடியிருப்போர் கூட்டம் போட்டு, கெனேஷ்பெக் இனி வால்வை மூடக்கூடாது என்று சொல்லியாயிற்று. பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரி ஒத்துக்கொண்டார். எல்லாரும் மறந்தோம். கோடையில் குழாய்களில் தண்ணீரை வடித்திருந்தபோது சாபிரா அக்கா பிளம்பரைக் கூட்டிவந்து, தன் வீட்டிலும் ஒரு வால்வு வைத்து, குறுக்குக்குழாயை அறுத்தாள். எதுக்கு என்று கேட்டேன். அழகுக்கு என்றாள். பழைய இரும்பு ரேடியேட்டர், சுவரெல்லாம் எண்ணெய்க் கறை, அதற்கு அழகாம்.

அடுத்த குளிர்காலத்தில், பனி கடித்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், அய்சிரெக்குக்குத் தோடு போடத் தலாஸிலிருந்து சம்பந்திகள் வருகிறார்கள் என்று செய்தி பரவியது. பரப்பியது நான்தான், மறைப்பதற்கு என்ன. அவர்கள் வருவதற்கு முந்தின சாயங்காலமே என் வீடு சில்லென்று ஆனது. மேலே போய்ப் பார்த்தேன். சாபிரா அக்கா இருட்டிய அறையில் கம்பளிக் காலணியும் இரண்டு ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து புகை வந்தது. அவள் மூடியிருந்த வால்வைத் திறக்கக் கை நீட்டினேன்.

“கையை எடு. நான் ஒரு வருஷமா இந்தக் குளிருக்குத்தான் காத்திருக்கேன்.”

“நானும் விறைக்கிறேனே அக்கா.”

“ஒரு நாள் விறை. செத்துடமாட்ட.”

மேலே கெனேஷ்பெக் ரேடியேட்டரைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார். குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று முடிவுகட்டி, காற்று போகும் திருகைத் திறந்து வைத்துக்கொண்டு பேசின் பேசினாகக் கறுப்புத் தண்ணீர் பிடித்தாராம். தன் வால்வை அத்தனை தரம் திறந்து பார்த்த மனுஷனுக்கு, கீழே இன்னொரு வால்வு இருக்கக்கூடும் என்று தோன்றவேயில்லை.

விருந்துக்கு நானும் போனேன். கூப்பிடவில்லை, போனேன். மலை தெரிகிற அந்தக் கண்ணாடிக்கு உள்பக்கமும் பனி பூத்திருந்தது. தலாஸ் சம்பந்திகள் நாரின்காரர்கள் மாதிரி இல்லை, கூச்சமே கிடையாது. கோட்டோடு ஒருவரோடொருவர் ஒட்டி உட்கார்ந்து, குடித்துப் பாடினார்கள். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் காது சிவந்திருப்பதைப் பார்த்துத் தன் ரோமக் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டாள். பிறகு உள்ளங்கையில் ஊதி ஊதிச் சூடாக்கித் தோட்டையும் போட்டாள்.

இதை வந்து சாபிரா அக்காவிடம் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டையா கழட்டினா என்று இரண்டு தரம் கேட்டாள்.

அவர்கள் கிளம்பின மறுநாள் காலையில் வால்வைத் திறந்தாள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. மேலே பால்கனியில் இருந்த புது ரேடியேட்டருக்குள் தண்ணீர் உறைந்து அதை நெடுகப் பிளந்திருந்தது யாருக்குத் தெரியும்? உள்ளே இருந்த பனிக்கட்டி உருகினதும் துரு கலந்த வெந்நீர் கெனேஷ்பெக்கின் கம்பளங்களில் பாய்ந்தது. அங்கே நிற்குமா? தரை வழியாக சாபிரா அக்காவின் கூரைக்கு, அங்கிருந்து கீழே. என் புதுச் சுவர்க்காகிதமும் போனது. ஜர்கினாய்க்குச் சீர் கொடுக்கவென்று தைத்து அடுக்கியிருந்த மெத்தைகள் அத்தனையும் கறுப்புத் தண்ணீர் குடித்தன. சாபிரா அக்கா பேசின்களுக்கு நடுவில் நின்று மேலே பார்த்துச் சிரித்தாள். கெனேஷ்பெக் மேலே அலறிக்கொண்டிருந்தார், அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஜர்கினாய் வந்து மெத்தையைத் தூக்கினாள். பிழிந்தாள். வால்வைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

“எனக்காகத்தான செஞ்சீங்க?”

“வேற யாருக்கு?”

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாம்மா? அய்சிரெக்கோட நான் பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சுல உக்காந்தவ.”

சாபிரா அக்கா அப்போதுதான் சிரிப்பை நிறுத்தினாள். மகள் மெத்தைகளை அப்படியே போட்டுவிட்டு, நனையாத துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனாள்.

குளிர் முடிவதற்குள் பிளம்பர் இரண்டு வீட்டிலும் குறுக்குக்குழாயைத் திரும்ப வைத்தான். கெனேஷ்பெக் வீட்டை விற்றுவிட்டு ஊருக்கு வெளியே, நிலக்கரி அடுப்புள்ள ஒரு தனி வீட்டுக்குப் போனார். அங்கே புழுங்கினால் அடுப்பிலிருந்து கரியை அவரேதான் வாரி வெளியே கொட்ட வேண்டும். அய்சிரெக் தலாஸில் இருக்கிறாள். அந்த ரோமக் கோட்டை மாமியார் திரும்பக் கேட்கவில்லையாம். ஜர்கினாய் கராகோலில் ஒரு குதிரை வைத்தியனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவனுக்கு அம்மா இல்லை, அக்காக்காரிதான் தோடு போட்டாள். சாபிரா அக்காவுக்கும் அழைப்பு வந்தது. எனக்கு வந்து ஒரு வாரம் கழித்து.