தகராறு என்று எழுதியிருந்தது

தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் நடத்தும் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். போன கூட்டத்தின் பதிவேடு கையெழுத்துக்காகக் கை மாறி வந்துகொண்டிருந்தது. பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கலைச்செல்விக்குப் படிக்க வரும்.

'கலைச்செல்வி தகராறு செய்ததால் கூட்டம் பாதியில் முடிந்தது.'

அவளுக்குக் காது மடல் சுட்டது. சங்கத்தின் மாடியில் அவளையும் சேர்த்துப் பதினாலு பெண்கள் தினமும் தையல் படிக்கிறார்கள். அங்கே கழிப்பறை இருக்கிறது. பெண்கள் அசிங்கம் பண்ணிவிடுவார்கள் என்று செயலாளர் கோமதிநாயகம் அதைப் பூட்டிச் சாவியை வீட்டில் வைத்துக்கொண்டார். தெருமுனைப் பொதுக் கழிப்பறையிலோ அரைமணி நேர வரிசை. ஏன் பூட்டினீர்கள் என்றுதான் அவள் போன வருஷம் கேட்டாள். கத்தியது அவர். பாதியில் எழுந்து போனதும் அவர்தான்.

"அண்ணாச்சி, இந்த வார்த்தைய மாத்துங்க. நான் வாக்குவாதம்தான் பண்ணுனேன்." பதிவேட்டை எழுதிய கோமதிநாயகத்திடம் சொன்னாள்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. டைம் வேஸ்ட் பண்ணாத."

"எப்படி ஒண்ணாவும்? வாக்குவாதம்னா எதுக்குன்னு கேப்பாவ. தகராறுன்னா யாருன்னு மட்டுந்தான் கேப்பாவ. எம் பேர எழுதிட்டு, கக்கூஸ எழுதாம விட்டுட்டியளே!"

சில ஆண்கள் சிரித்தார்கள். தையல் வகுப்பில் அவளுக்கு அடுத்த மெஷினில் உட்காரும் பேராச்சி எழுந்தாள்.

"அப்பம் நானும் கையெழுத்துப் போட மாட்டேன்."

பின்வரிசைப் பெண்கள் யாரும் பதிவேட்டைத் தொடவில்லை. கையெழுத்து குறைந்தால் தீர்மானம் எதுவும் செல்லாது. தலைவர் பிரம்மநாயகம் அலுத்துக்கொண்டார்.

"மாத்தி எழுதும்வே, எதுக்கு வம்பு?"

கோமதிநாயகம் தகராறை அடித்துவிட்டு மேலே வாக்குவாதம் என்று எழுதினார்.

"எதைப் பத்தின்னு?" கலைச்செல்வி உட்காரவில்லை.

பேனா நின்றது. பூட்டுப் போடக் கூசாத மனிதர், கழிப்பறை என்று எழுதக் கூசினார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் எழுதினார்.

எழுத்தில் ஏறிய பிறகு அவரால் பூட்டி வைக்க முடியவில்லை. திங்கட்கிழமை கழிப்பறைக் கதவில் பூட்டு இல்லை. பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். அவளுக்கோ ஆத்திரம் ஆறவில்லை. இந்த ஒரு வருஷமாக அவள் கணவன் ராஜபாண்டியைப் பட்டறையில் நிறுத்தி, "ஒம் பொண்டாட்டி தகராறு புடிச்சவளாமே?" என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர்கூட வந்து, தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று சொல்லவில்லை.